சுண்ணாம்புப் புள்ளிகள்

சனிக்கிழமை சாயங்காலம் ஆகிவிட்டால் டோரீனுக்கு வீட்டு வேலை ஓடாது. ஜன்னல் கம்பியைத் துடைக்கிறேன் என்று ஒரு பழைய துணியை எடுத்துக்கொண்டு நின்றுவிடுவாள். துடைத்த கம்பியையே துடைப்பாள். எதிர்வீட்டு வாசலில் அவள் புருஷன் கிளாரன்ஸ் முக்காலி போட்டு உட்கார்ந்து பன்றிக்கறி வெட்டிக்கொண்டிருப்பார். பக்கத்தில் குளோரியா பூண்டு உரித்துக்கொண்டிருப்பாள். குளோரியா, கிளாரன்ஸின் தம்பி லாயிடின் பெண்சாதி. லாயிட் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிவிட்டது. டோரீனுக்கு அவள் ஓரகத்தி முறை.

பிரேசர் டவுனில் எங்கள் காம்பவுண்டு மாதிரி இன்னும் நாலைந்துதான் மிச்சம். மற்றதெல்லாம் அப்பார்ட்மெண்ட் ஆகிவிட்டது. ஓடு போட்ட வீடுகள், நடுவில் ஒரு குழாய், குழாயடியில் ஒரு சீத்தாப்பழ மரம். நான் வனஜா, மூன்றாவது வீடு. ஜாக்கெட் தைக்கிறேன். பன்றிக்கறி தொடமாட்டேன். சனிக்கிழமை ஆனால் மூக்கில் தைலம் தடவிக்கொண்டுதான் மெஷின் மிதிப்பேன். அதனால் கறியைப் பற்றி நான் சொல்வதெல்லாம் காதில் கேட்டது. மனுஷர்களைப் பற்றிச் சொல்வது மட்டும் முழுக்க என் அபிப்பிராயம்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ரெண்டாம் பூசை முடிந்து வருகிறவர்களுக்குக் குளோரியா கறி வறுத்து விற்பாள். அதுதான் அவள் பிழைப்பு. பெரிய அலுமினியக் குண்டானில், கறியில் இருக்கிற கொழுப்பிலேயே வதக்கி, வினிகர் விட்டு, மிளகாய் அரைத்துப் போட்டு இறக்குவாள். ஒவ்வொரு துண்டிலும் தோலும் கொழுப்பும் சதையும் சேர்ந்து வர வேண்டுமாம். அந்த வெட்டு கிளாரன்ஸுக்குத்தான் வரும். வாரம் முழுக்க ஸ்கூல் வேன் ஓட்டுகிற மனுஷன், சனிக்கிழமை தம்பி பெண்சாதிக்குக் கத்தி பிடித்தார். இதில் என்ன தப்பு என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது. டோரீனைக் கேட்டால் மணிக்கணக்கில் சொல்வாள்.

"வனஜா, என்னா பேசறாங்க, உனக்குக் கேக்குதா?"

"கறியைப் பத்திதான் பேசுவாங்க."

"கறியைப் பத்திப் பேசினா சிரிப்பு வருமா?"

"அந்தம்மா அவரை வாய் நிறைய அண்ணான்னுதான் கூப்பிடுது. நீ சும்மனே எதையாவது நினைச்சுக்காத."

"கூப்பிடட்டும். என் அண்ணனையும் நான் அண்ணான்னுதான் கூப்பிடறேன். பக்கத்துல உக்காந்து பூண்டா உரிக்கறேன்?"

காஜா எடுக்கிற வேலை இருக்கிறது என்று உள்ளே வந்துவிடுவேன்.

எல்லாவற்றுக்கும் மூலம் ஆறு வருஷத்துக்கு முந்தின கதை. டோரீனுக்கு மார்பில் கட்டி வந்து, ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். அப்புறம் ஊசி, கட்டி இருந்த இடத்தில் கதிர் பாய்ச்சுகிற கரண்ட் என்று ஏழெட்டு மாசம் கட்டிலோடு கிடந்தாள். மகள் ஆஞ்சலா அப்போது படித்துக்கொண்டிருந்தாள். சமையல், துணி, கஞ்சி, வாந்தி அள்ளுவது, எல்லாம் குளோரியா தலையில். ஒரு நாள் முகம் சுளித்ததில்லை. டோரீன் தேறி எழுந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, தானே அடுப்பு முன்னால் நின்று புருஷனுக்குப் பன்றிக்கறி விந்தாலு வைத்தாள். கிளாரன்ஸ் சாப்பிட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. குளோரியா கொஞ்சம் வெல்லம் போடுவா," என்றார்.

முடிந்தது கதை. அந்த ஆளுக்கு வேறு பேச்சே கிடைக்கவில்லையா என்று எனக்கு இன்றைக்கும் ஆத்திரமாக வருகிறது. அந்த வெல்லத்தைப் பற்றி, கறியே தின்னாத நான் ஆறு வருஷம் காதில் வாங்கினேன். டோரீன் அதற்குப் பிறகு தன் வீட்டில் டீக்குக்கூட வெல்லம் வாங்கவில்லை.

இந்த ஜூலையில் மழை விடாமல் சோவென்று பிடித்திருந்தது. கோயிலில் மாதாவுக்கு எடுக்கிற அம்மா திருவிழாவுக்குக் காவிப் புடவை எடுத்து, ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க டோரீன் என் வீட்டுக்கு வந்திருந்தாள். கையளவு எடுக்கிறேன், வலது கை தானாகத் துடிக்க ஆரம்பித்தது. "என்னா வனஜா இது," என்று தன் கையையே வேடிக்கை பார்த்தாள். அப்படியே சாய்ந்துவிட்டாள். பல் கிட்டி, உடம்பு முழுக்க உதறியது. நான் இருந்த பதட்டத்தில் இரும்பு கொடுக்க வேண்டும் என்று தையல் கத்தரியையே அவள் கையில் திணிக்கப் போனேன். சத்தம் கேட்டு ஓடிவந்த குளோரியா கத்தரியைத் தட்டிவிட்டு, டோரீனை ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் வழிந்த நுரையைத் தன் முந்தானையால் துடைத்தாள்.

கிளாரன்ஸ் அப்போது பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு எங்கேயோ டிராபிக்கில். நாங்கள் ரெண்டு பேரும் ஆட்டோ பிடித்துப் பக்கத்து நர்ஸிங் ஹோமுக்குக் கொண்டுபோனோம். போய்ச் சேர்வதற்குள் டோரீனுக்கு நினைவு வந்துவிட்டது. கண்ணைத் திறந்ததும் தன் தலை யார் மடியில் இருக்கிறது என்று பார்த்தாள். குளோரியா மடி. உடனே எழுந்து உட்கார்ந்துகொண்டாள்.

டாக்டர் நாராயணசாமி கோலார் பக்கத்து மனுஷர். தமிழும் கன்னடமும் கலந்து பேசுவார். உள்ளே போனதும் டோரீன் எங்களைப் பார்த்து, "நீங்க வெளிய இருங்க. நான் பேசிக்கறேன்," என்றாள். பெண்பிள்ளை விஷயம் ஏதாவது இருக்கும் என்று வெளியே வந்து உட்கார்ந்தோம். தலையை ஸ்கேன் எடுத்தார்கள். படம் வருவதற்குள் கிளாரன்ஸ் நனைந்த சட்டையோடு வந்து சேர்ந்தார். வந்ததும் முதல் கேள்வி சரியாகத்தான் கேட்டார்.

"டோரீன், பழைய ஆபரேஷன் கதையை டாக்டர்கிட்ட சொன்னியா?"

"சொல்லாம இருப்பனா? எல்லாம் சொல்லிட்டேன். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லயாம்."

அப்புறம் டாக்டர் எல்லோரையும் உள்ளே கூப்பிட்டு, படத்தை விளக்கில் மாட்டிக் காட்டினார். சாம்பல் நிறத்தில் மூளை. அதில் எலும்பு மாதிரியே பளிச்சென்று மூன்று வெள்ளைப் புள்ளி.

"நோடி, இங்க பாருங்க, இது எல்லாம் சுண்ணாம்பு. எப்பவோ ஒரு புழு ரத்தத்துல போய் மூளையில உக்காந்திருக்கு. அங்கயே செத்திருக்கு. மேல சுண்ணாம்பு படிஞ்சிருக்கு. போர் தண்ணி காய்ச்சற பாத்திரத்துல வெள்ளையா படியுதில்ல, அந்த மாதிரி. நம்ம ஊருல நிறைய பேருக்கு இருக்கு. பயப்பட வேண்டாம். வலிப்பு மாத்திரை ஒரு நாளும் விடக் கூடாது. மூணு மாசம் கழிச்சு எம்.ஆர்.ஐ. ஒண்ணு எடுத்துப் பாத்துடலாம்."

"புழு எப்படி டாக்டர் உள்ள போகும்?" என்று கிளாரன்ஸ் கேட்டார்.

"இது பன்னியில இருக்கற ஜாதிப் புழு. ஆனா கறி தின்னா நேரா மூளைக்குப் போகாது. கழுவாத கீரை, பச்சைக் காய், அழுக்குக் கை, அதுலேந்துதான் முட்டை உள்ள போகும். கறியே தின்னாதவங்களுக்கும் வரும்."

இதைக் கேட்டு நான் அன்றைக்கு ராத்திரி கொத்தமல்லியை நாலு தண்ணீரில் அலசினேன். டோரீனுக்கோ 'பன்னி' என்ற சொல்லோடு காது அடைத்துக்கொண்டது. 'ஆனா' போட்டு அவர் சொன்னது ஒன்றும் உள்ளே போகவில்லை. ஆட்டோவில் திரும்பும்போது அவள் முகத்தில் ஒரு களை வந்திருந்தது. வலிப்பு வந்து விழுந்தவள் மாதிரியே இல்லை.

மறுநாள் காலை குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு ஆரம்பித்தாள்.

"வனஜா, டாக்டர் என்னா சொன்னாரு, நீயும் கேட்ட இல்ல? பன்னிப் புழுவாம். நான் எங்க போய் பன்னி தின்னேன்? ஹோட்டல்ல தின்னனா? நான் கட்டில்ல கெடந்தப்போ யார் கையால தின்னேன்? நல்லா வேகாத கறிய வாயில ஊட்டி ஊட்டி, இப்ப என் மூளையில புழு."

"கீரையிலதான் வரும்னு சொன்னாரே."

"அது மரியாதைக்குச் சொன்னது."

குளோரியா எதிரில் வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். வாளியைக் கவிழ்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஒரு வாரத்தில் கோயில் முழுக்கப் பரவிவிட்டது. 'குளோரியா கறியில புழுவாம், டோரீனுக்கு மூளையில ஏறிடுச்சாம்.' வழக்கமாக ரெண்டாம் பூசை முடிந்து காம்பவுண்டு வாசல் வரை வரிசை நிற்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை வரிசையே இல்லை. பழக்கப்பட்ட நாலைந்து பேர் மட்டும் வந்து, வாங்காமல் நலம் விசாரித்துவிட்டுப் போனார்கள். கிளாரன்ஸும் சனிக்கிழமை வெட்டப் போவதை நிறுத்திவிட்டார். ஏன் என்று நானே அவரிடம் கேட்டேன்.

"வீட்ல சண்டை வேணாம்னுதான் வனஜாம்மா. உடம்பு சரியில்லாதவகிட்ட எதுக்கு?"

"அப்ப குளோரியா?"

"அவ புரிஞ்சிப்பா."

இந்த ஆம்பளைகளுக்கு எப்போதும் யாராவது ஒருத்தி புரிந்துகொண்டே இருக்க வேண்டும். நான் கதவைச் சாத்தினேன்.

ஒரு மத்தியானம் குளோரியா என் மெஷின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். துண்டுத் துணிகளை நிறம் பார்த்துப் பிரித்துக்கொண்டே பேசினாள்.

"வனஜாக்கா, நான் கறிய எப்படிக் கழுவுவேன்னு உங்களுக்குத் தெரியும். தோலை நெருப்புல வாட்டி, சுரண்டி, மஞ்சள் போட்டு, வினிகர்ல ஊற வெச்சு..."

"தெரியும். நாத்தம் எனக்குத்தானே வருது."

"எத்தனை வருஷமா விக்கறேன். ஒருத்தருக்கு வயித்து வலின்னு கேட்டிருக்கீங்களா? அக்கா வாய்கூசாம புழுன்னு சொல்லிடுச்சு."

"அவளுக்கு உன் மேல பொறாமை. அது உனக்கும் தெரியும்."

"எதுக்குப் பொறாமை? என்கிட்ட இன்னா இருக்கு? சாயங்காலம் ஆறு மணி ஆனா அதுக்கு வேன் ஹாரன் சத்தம் கேக்கும். எனக்கு எந்த சத்தம் கேக்கும்? நான்தான் அக்காவைப் பாத்துப் பொறாமைப்படணும். படறேன், பொய் சொல்லல. முடி எல்லாம் கொட்டி, கட்டில்ல கெடந்தப்போகூட அதப் பாத்துப் பொறாமைப்பட்டேன். அண்ணன் அதுக்குக் கால் அமுக்கி விடுவாரு. லாயிட் செத்தப்போ நான் கால் அமுக்கல, அவரும் எனக்கு அமுக்கினது இல்ல. அட்டாக் வந்து நேராப் போயிட்டாரு."

சிவப்புத் துண்டுகளை எல்லாம் ஒரு பக்கம் சேர்த்துவிட்டு எழுந்தாள். "இனிமே அந்த வாசப்படி மிதிக்க மாட்டேன். அதுவா வாயத் தொறந்து கூப்பிட்டாத்தான்," என்றாள்.

டோரீனுக்கோ அந்த மூன்று மாசமும் கல்யாண வீடு மாதிரிதான். விடிகாலையில் எழுந்து இட்லி, மத்தியானத்துக்குக் கிளாரன்ஸுக்குக் கேரியர், சனிக்கிழமை புருஷன் வீட்டிலேயே இருக்கிறார் என்று வடை. விந்தாலு வைத்து எனக்கு வாசனை காட்டக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வருவாள், நான் மூக்கைப் பிடித்துக்கொள்வேன். யார் வந்தாலும் தலைப் படத்தை எடுத்துக் காட்டுவாள். "செத்த புழு. கல்லாயிடுச்சு. என் தலைக்குள்ள மூணு கல்லு இருக்கு," என்று, மூக்குத்திக் கல்லைப் பற்றிச் சொல்கிற மாதிரி சொல்வாள். அக்டோபரில் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும் என்று கிளாரன்ஸ் ஞாபகப்படுத்தினபோது, "செத்த புழுவுக்கு எதுக்குப் போட்டோ?" என்று சிரித்தாள். அவரும் சிரித்துவிட்டு விட்டுவிட்டார்.

நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். தீபாவளி கிட்டத்தில் அவள் கை மாறிவிட்டது. குடத்தை இடது இடுப்பில் எடுக்க ஆரம்பித்தாள். குழாயடியிலிருந்து நடந்து போவாள், வலது கால் செருப்பு பின்னாலேயே கிடக்கும், அவளுக்குத் தெரியாது. குழம்பில் ரெண்டு தரம் உப்பு விழுந்தது.

"டோரீன், டாக்டரைப் போய்ப் பாரு. இது நல்லால்ல."

"குளிரு வனஜா. மரத்துப்போவுது."

"குளிரு உனக்கு மட்டும் ஒரு பக்கமா அடிக்குது?"

"நீ வேற பேஜாரு பண்ணாத."

அன்றைக்குச் சாயங்காலமே கிளாரன்ஸிடம் செருப்புக் கதையைச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போகிறேன் என்றார். சனிக்கிழமையே விழுந்துவிட்டாள். சமையல்கட்டில், வெங்காயம் தாளித்துக்கொண்டிருந்தபோது. கிளாரன்ஸ் போட்ட கூச்சலில் காம்பவுண்டே கூடியது. வாசப்படி மிதிக்கமாட்டேன் என்ற குளோரியாதான் முதலில் உள்ளே ஓடினாள், அடுப்பை அணைத்தாள், டோரீனை ஒருக்களித்துப் போட்டாள். இந்த முறை வலிப்பு நிற்க ரொம்ப நேரம் ஆனது. எழுந்தபோது வாய் குழறியது.

நாராயணசாமி டாக்டரிடம்தான் மறுபடியும் போனோம். அவர் ஊசி போட்டுவிட்டு, பழைய படத்தை எடுத்து வைத்துக்கொண்டு யோசித்தார். "மாத்திரை சாப்பிட்டும் இப்படி வருதுன்னா..." என்று கிளாரன்ஸைப் பார்த்தார்.

"அந்த ஆபரேஷனால இருக்குமா டாக்டர்?" என்று குளோரியா கேட்டாள். அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"யாவ ஆபரேஷன்?"

"மார்ல கட்டி எடுத்தது. ஆறு வருஷம் முன்னாடி. கேன்சரு. அக்கா உங்ககிட்ட சொல்லியிருக்கே."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "நான் கேட்டேன். ரெண்டு தடவ கேட்டேன். முன்னாடி ஏதாவது வியாதி, ஆபரேஷன் உண்டாம்மான்னு. ஏனூ இல்ல, ஒண்ணும் இல்லன்னு சொன்னாங்க. தெரிஞ்சிருந்தா அன்னிக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பேன்."

கிளாரன்ஸ் கட்டிலைப் பார்த்தார். டோரீன் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். தூக்கம் இல்லை, இமை துடித்துக்கொண்டிருந்தது.

பெரிய ஆஸ்பத்திரிக்கு என்னையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். டாக்டர் தமயந்தி சின்ன வயசுப் பெண். புதுப் படத்தையும் பழைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொன்னாள்.

"இது புழு இல்லைங்க. மார்புல இருந்தது மூளைக்குப் பரவியிருக்கு. இப்படிப் பரவின இடத்துல சுண்ணாம்பு படியறது அபூர்வம். அதனால பழைய கதை தெரியாம பாக்கறவங்களுக்குப் புழு மாதிரிதான் தெரியும். அவங்க மேல தப்பில்ல."

"சுண்ணாம்பு படிஞ்சா செத்துடுச்சுன்னுதானே அர்த்தம்?" என்று கிளாரன்ஸ் கேட்டார். போர் தண்ணீர், பாத்திரம் என்று பழைய உதாரணத்தையும் சொன்னார்.

"பாத்திரத்துல எப்ப சார் படியுது? அடுப்பு எரியும்போதுதானே படியுது," என்றாள் அந்தப் பெண்.

மூன்று புள்ளி இப்போது பத்துக்கு மேல் ஆகியிருந்தது. சிலதில் சுண்ணாம்பே இல்லை. ஜூலையில் வந்திருந்தால் சின்னச் சின்னதாகக் குறி வைத்துக் கரண்ட் கொடுத்திருக்கலாமாம். இப்போது தலை முழுக்கக் கொடுக்க வேண்டும். குணமாகுமா என்று கிளாரன்ஸ் கேட்டார். "தள்ளிப் போடலாம். அதுக்கு மேல நான் பொய் சொல்ல விரும்பல," என்றாள்.

வீட்டுக்கு வந்து டோரீனைக் கட்டிலில் விட்டுவிட்டு நான் தலையணை உறை மாட்டிக்கொண்டிருந்தேன். கிளாரன்ஸ் கதவில் சாய்ந்து நின்றார்.

"ஏன் டோரீன் சொல்லல?"

"சொன்னா இன்னா ஆயிருக்கும்? மறுபடியும் ஆஸ்பத்திரி, மறுபடியும் வாந்தி. மறுபடியும் அவ வந்து என் அடுப்பு முன்னாடி நிப்பா. நான் இங்க படுத்துக்கினு, நீங்க ரெண்டு பேரும் அங்க மேசையில பேசறதக் கேக்கணும்."

"என்னா பேசினோம்? உன் மாத்திரையப் பத்திதான் பேசினோம்."

"எதப் பத்திப் பேசினா இன்னா? பேசினீங்க இல்ல."

"அதுக்கு உயிரையா வெப்பாங்க?"

"உயிருன்னு யார் நினைச்சா? அவரே புழுன்னு சொன்னாரு. எனக்கு எவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா? நானே நம்பிட்டேன். நீங்களும் சனிக்கிழமை வீட்ல இருந்தீங்க." குழறிக் குழறித்தான் சொன்னாள். "மூணு மாசம் நல்லா இருந்தேன்."

கிளாரன்ஸ் வெளியே போய் வேனுக்குள் உட்கார்ந்துகொண்டார். விளக்கும் போடவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவளை நாலு கேட்டிருப்பேன். முகத்தைப் பார்த்தேன், தலையணையைத் தட்டி அவள் தலைக்குக் கீழே வைத்தேன்.

கரண்ட் வைக்க ஆரம்பித்தார்கள். வேன் ட்ரிப்புக்கு வேறு டிரைவரைப் போட்டுவிட்டு, கிளாரன்ஸே தினமும் கூட்டிப்போய் வந்தார். ஆஞ்சலா எலெக்ட்ரானிக் சிட்டியில் ராத்திரி ஷிப்ட், லீவு கிடைக்கிற நாளில் ஓடிவந்து துணி துவைத்துவிட்டுப் போனாள். சாப்பாடு என் வீட்டு சாம்பார், இல்லாவிட்டால் ஹோட்டல் பார்சல். என் சாம்பாரைக் கிளாரன்ஸ் மருந்து குடிக்கிற மாதிரி குடிப்பார். குளோரியாவைக் கூப்பிட அவருக்கு முகம் இல்லை. குளோரியாவோ கூப்பிடாமல் வரமாட்டாள். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, இந்த வீட்டுப் பக்கமே பார்த்து உட்கார்ந்திருப்பாள், அவ்வளவுதான். ரெண்டு பேருக்கும் நடுவில் குழாயடி.

மூளை வீக்கம் குறைய டோரீனுக்கு ஒரு மாத்திரை கொடுத்திருந்தார்கள். அதில் அகோரப் பசி. சாப்பிட்ட தட்டு காய்வதற்குள் மறுபடி பசிக்கும். "வனஜா, உன் சாம்பாரு வாணாம், வேற ஏதாவது," என்பாள். வேறு என்ன என்று கேட்டால் சொல்லமாட்டாள். சனிக்கிழமை சாயங்காலம் எதிர்வீட்டில் வினிகர் கொதிக்கிற வாசனை வந்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

டிசம்பர் வந்தது. கோயிலில் நட்சத்திரம் கட்டியிருந்தார்கள். குளோரியா பெரிய குண்டானை எடுத்து வைத்துவிட்டுச் சின்னதில் வறுத்து விற்றுக்கொண்டிருந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை விட்டுக் கொஞ்சம் பேர் காம்பவுண்டு வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். வாங்கலாமா வேண்டாமா என்று நிற்கிற கூட்டம் அது. நான் வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். டோரீன் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். தலையில் முடி கொட்டி, ஸ்கார்ப் கட்டியிருந்தாள். முகம் ஊதியிருந்தது. நான் ஓடிப் பிடிக்கப் போனேன், இடது கையால் தள்ளிவிட்டாள். குழாயடியைத் தாண்டும்போது வலது செருப்பு கழன்று விழுந்தது. அதை விட்டுவிட்டு நடந்தாள்.

குளோரியா எழுந்து நின்றாள். முக்காலியை நகர்த்திப் போட்டாள். சனிக்கிழமைகளில் கிளாரன்ஸ் உட்காருகிற முக்காலி. டோரீன் அதில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள்.

"ஒரு தட்டுல போடு," என்றாள்.

குளோரியா போட்டாள். டோரீன் வாசலில் நின்றவர்களைப் பார்த்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "எனக்கு இருக்கறது புழு இல்ல. கேன்சரு. பழைய கேன்சரு. இவ கறியில ஒண்ணும் இல்ல. நான்தான் பொய் சொன்னேன். எல்லாருக்கும் கேட்டுச்சா?"

அவள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு இடது கையால் சாப்பிட ஆரம்பித்தாள். எலும்பைக்கூட விடவில்லை. அப்படி ஒரு பசியை நான் பார்த்ததில்லை. ஒரு அம்மாள் முதலில் பாத்திரத்தை நீட்டினாள், அப்புறம் ஒவ்வொருத்தராக நகர்ந்து வந்தார்கள்.

"நல்லா இருக்காக்கா?" என்று குளோரியா மெதுவாகக் கேட்டாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது.

"வெல்லம் ஜாஸ்தி," என்றாள் டோரீன், தட்டை மறுபடி நீட்டினாள்.

கிளாரன்ஸ் எப்போது வந்தார் என்று தெரியவில்லை. கையில் அந்தக் கழன்ற செருப்போடு நின்றார். குளோரியா அவருக்கும் ஒரு தட்டு எடுத்துக் கரண்டியைக் குண்டானில் விட்டாள்.

"அவருக்கு நான் போடறேன்," என்றாள் டோரீன்.

குளோரியா கரண்டியைக் கொடுத்தாள். டோரீனின் வலது கை மூடவில்லை. இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். குண்டானின் காதைப் பழந்துணியால் பிடித்து, அவளுக்கு எட்டுகிற மாதிரி குளோரியா சாய்த்துக் கொடுத்தாள். கொஞ்சம் தட்டில் விழுந்தது, கொஞ்சம் தரையில் விழுந்தது. கிளாரன்ஸ் ஒரு துண்டை வாயில் போட்டார். ரெண்டு பெண்களும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எப்பிடி இருக்கு?" என்று டோரீன் கேட்டாள்.

கிளாரன்ஸ் மென்று விழுங்கினார். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அந்த மனுஷன் யோசித்துப் பேசினார். "வெல்லம் கொஞ்சம் ஜாஸ்திதான்," என்றார்.

டோரீன் தலையை ஆட்டினாள். குளோரியாவைப் பார்க்காமல், குண்டானைப் பார்த்துச் சொன்னாள்.

"நாளைக்கு என் அடுப்புல வெக்கறப்போ வெல்லம் போடாத."

"சரிக்கா," என்றாள் குளோரியா.

வாசலில் இன்னும் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். டோரீன் கரண்டியைத் திருப்பிக் கொடுக்கவில்லை, மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு மிச்சக் கறியைக் குளோரியா டீ டம்ளரால் மொண்டு போட்டாள்.